நைட்ரோ காரை பேட்டரிக்கு மாற்றிய எட்டு மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கண்டனூர் பக்கம் வற்றிக் கிடக்கும் ஒரு ஊருணிக்குள் என் ரிமோட் பொம்மைக்கார் பதினெட்டு நிமிடம் நிற்காமல் ஓடியது. ஓடியது பெரிதில்லை. பிரேக் பிடித்தது, ரிவர்ஸும் வந்தது. ஆடியில் ஆரம்பித்த வேலை பங்குனியில்தான் முடிந்திருக்கிறது. நடுவில் மூன்று தடவை எல்லாவற்றையும் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

கார் 1:10 அளவு, அதாவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு; நான்கு சக்கரமும் இழுக்கும் டிரக் வகை. ஆறு வருடத்துக்கு முன் சென்னையில் ஒருவரிடம் பழசாக 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் இருந்தது .18 இன்ஜின். அது கன அங்குலக் கணக்கு. நம் கணக்கில் 3 சிசிக்கு ஒரு துளி குறைவு. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த, நைட்ரோ என்று சொல்லும் எரிபொருளில் ஓடும். ஸ்பார்க் பிளக் கிடையாது, குளோ பிளக். அதிலுள்ள பிளாட்டினக் கம்பிச் சுருளை ஒன்றரை வோல்ட்டில் பழுக்க வைத்துவிட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். கிளம்பினால் அதைப்போல ஒரு சுகம் இல்லை. கிளம்பாவிட்டால் தோள்பட்டை போய்விடும்.

கைவிட்டதற்கு முதல் காரணம் எரிபொருள். எரியும் சரக்கு என்பதால் கூரியரில் எடுக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து யாராவது காரில் வந்தால் உண்டு. லிட்டர் 1,400 ரூபாய் கொடுத்து வாங்கி, திறந்த டின்னைச் சரியாக மூடாமல் விட்டால் மெத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை முறை கார்புரேட்டர் ஊசியைத் திருகினாலும் இன்ஜின் ஒரே மாதிரி ஓடாது. இரண்டாவது காரணம் சத்தம். எங்கள் வீடு பழைய வீடு. பங்காளிகள் மூன்று குடும்பம், ஒரே வளவு. முற்றத்தில் ஒரு தடவை இன்ஜினைக் கிளப்பியதற்கு அப்பத்தா இரண்டாம் கட்டிலிருந்து வந்து, “ஏண்டா, மாவு மில்லை வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டியா?” என்றார். ஆமணக்கெண்ணெய்ப் புகை இரண்டு நாள் போகவில்லை.

சரி, மோட்டாருக்கு மாற்றிவிடலாம் என்று ஆடி மாதம் உட்கார்ந்தேன். இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன்.

முதலில் கழற்றல். இன்ஜின், கிளட்ச், கயிறு ஸ்டார்ட்டர் மூன்றும் சேர்த்து சமையலறைத் தராசில் 310 கிராம். சைலன்சர் குழாய் 125, டேங்க் 60, ஆக்சிலேட்டரை அசைக்கும் குட்டி மோட்டாரான செர்வோ 42, ரிமோட் சொல்வதை வாங்கும் ரிசீவருக்கான நான்கு பென்சில் பேட்டரியும் பெட்டியும் 118. ஆக மொத்தம் 655 கிராம். இதை ஒரு நோட்டில் எழுதிவைத்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். கடைசியில் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பேட்டரி, பிளேட் எல்லாம் சேர்ந்து 692 வந்தது. 37 கிராம்தான் அதிகம் என்பதால் ஸ்பிரிங், ஷாக் எதையும் தொடவில்லை.

சேஸிஸில் எண்ணெயும் செம்மண்ணும் கலந்து தார் மாதிரி ஒட்டியிருந்தது. டீசலில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பில் அலசியதில் ஒரு சாயங்காலம் போனது. தேய்த்து முடித்த பிறகுதான் சேஸிஸ் நீல நிறம் என்று தெரிந்தது.

அடுத்தது மோட்டார். 3650 அளவு, அதாவது 36 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம். பிரஷ்லெஸ், அதாவது உள்ளே கார்பன் பிரஷ் இல்லாத வகை, 3900 கேவி. கேவி என்றால் கிலோவோல்ட் இல்லை. சுமை இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு இத்தனை சுற்று என்று கணக்கு. 7.4 வோல்ட் பேட்டரியில் 28,860 சுற்று வரும். பழைய நைட்ரோ இன்ஜினும் ஏறக்குறைய முப்பதாயிரம் சுற்றுக்குப் போகும் ஆள்தான். அதனால் கியரை மாற்றாமலே பொருந்தும் என்று நினைத்தேன். நினைப்பில் பாதி சரி.

மோட்டார் நாலு நாளில் வந்துவிட்டது. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி விமானத்தில் ஏறாது, லாரியில்தான் வரும் என்றார்கள். 11 நாள் ஆனது. இதில் ஒரு வேடிக்கை. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பது காரைக்குடியில். லித்தியம் அயனி பேட்டரியில் ஆராய்ச்சி நடக்கும் இடம் அது. அதன் சுற்றுச்சுவரைத் தாண்டித் தினமும் பைக்கில் போய் வந்துகொண்டே, ஒரு பொம்மைக்காரின் பேட்டரி இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதினோரு நாளில் செய்த தப்பு: பினியன், அதாவது மோட்டார் அச்சில் மாட்டும் சின்னப் பல்சக்கரம், வாங்கினேன், அளக்காமல். மின்சாரக் காருக்கு என்று தேடினால் முதலில் வந்து நிற்பது 48 பிட்ச் பினியன். பிட்ச் என்றால் ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்ற கணக்கு. ஐந்து பினியன் உள்ள செட், 300 ரூபாய். வந்ததும் காரிலிருந்த பெரிய பல்சக்கரத்தோடு வைத்துப் பார்த்தால், சீப்பின் நெருக்கமான பக்கத்தையும் அகலமான பக்கத்தையும் கோத்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் வெர்னியரை எடுத்தேன். பெரிய சக்கரத்தில் 47 பல். வெளி விட்டம் 39.2 மி.மீ. பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அதனால் விட்டத்தை வகுக்க வேண்டும்: 39.2-ஐ 49-ஆல் வகுத்தால் 0.8. அதாவது 0.8 மாட்யூல்; பல்லின் அளவை மி.மீ. கணக்கில் சொல்வது அது. இதற்கு 32 பிட்ச் பினியன் பொருந்தும்; கணக்குப்படி அது 0.794, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 15 பல் ஒன்று 270 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த 48 பிட்ச் செட் இன்னும் டப்பாவில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருவேன்.

இப்போது மோட்டாரை எதில் உட்கார வைப்பது? இரும்புக் கடையில் 3 மி.மீ. அலுமினிய எல்-ஆங்கிள் துண்டு கிடைத்தது. மோட்டாரின் முகத்தில் 25 மி.மீ. இடைவெளியில் இரண்டு எம்3 துளை, அதாவது 3 மி.மீ. திருகுக்கானது, இருக்கும். ஆங்கிளில் நானே டிரில் போட்டு மாட்டினேன். திருகு மட்டும் கவனம்: நீளமானதைப் போட்டால் உள்ளே போய்ச் சுருளைக் குத்தும். 3 மி.மீ. தகட்டுக்கு 6 மி.மீ. திருகு போதும்.

அன்று மாலையே மொட்டை மாடியில் விட்டேன். நாற்பது விநாடி இருக்கும். சர்ரென்று ஒரு சத்தம், கார் நின்றுவிட்டது, மோட்டார் மட்டும் கத்துகிறது. மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பு நிறத்தில் மாவு. 47 பல்லில் பதினொன்றைக் காணோம். ஆங்கிளைக் கையால் அழுத்திப் பார்த்தேன், ஒரு மி.மீ. வளைகிறது. நைட்ரோ இன்ஜின் கிளட்ச் மூலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கும். மோட்டார் அப்படியில்லை. விரலை அசைத்த அந்தக் கணமே முழு வேகத்தில் பல்லில் அறைகிறது. அறையும்போது ஆங்கிள் விலகிக் கொடுத்தால் பல்லின் நுனி மட்டும்தான் மாட்டும்.

புதுவயலில் அரிசி ஆலைகளுக்கு வேலை செய்யும் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அங்கே போனேன். பட்டறைக்கார அண்ணன் ஓர் ஆள் உயர ஷாஃப்டைக் கடைந்துகொண்டிருந்தார். என் காரை மேஜையில் வைத்ததும் பையன்கள் எல்லாம் சுற்றி நின்றுவிட்டார்கள்.

“அண்ணே, இந்த அச்சுக்கும் மோட்டார் அச்சுக்கும் நடுவுல 24.8 மி.மீ. வரணும்.”

“ஏந்தம்பி, நெல்லு மிஷினுக்கே நான் பாயிண்டு வச்சு யாரும் கேட்டதில்ல. பொம்மைக்காருக்கா?”

கேட்டாரே தவிர, செய்து கொடுத்ததில் குறையில்லை. 6 மி.மீ. அலுமினிய பிளேட், பழைய இன்ஜின் மவுண்ட் இருந்த நான்கு துளையிலேயே உட்காரும்படி அடிப்பாகம், பின்னால் ஒரு முட்டு. 350 ரூபாய். “துளையா, காடியா?” என்று கேட்டார். காடி என்றால் திருகை நகர்த்திக்கொள்ள இடம் விடும் நீளத் துளை. அளவுதான் தெரியுமே என்ற திமிரில் துளையே போடச் சொன்னேன். அந்தத் திமிருக்குப் பின்னால் இரண்டு தடவை புதுவயல் போய்வர வேண்டியிருந்தது.

பல்லுக்குப் பல் இடைவெளி வைக்க எல்லோரும் தாள் வைப்பார்கள். நான் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை வைத்தேன். அது மெல்லிசு, கியர் இறுகி, கையால் சுற்றினால் கரகரவென்றது. நோட்டுத் தாளில் சரியாக வந்தது. தாளைப் பல்லுக்கு நடுவில் கொடுத்துச் சுற்றி வெளியே எடுத்தால், மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. துளையில் இருக்கும் அந்தச் சின்ன ஆட்டத்திலேயே இதைச் சரிசெய்தேன்.

இனிமேல்தான் கதையே. புது 47 பல் சக்கரம் 260 ரூபாய்க்கு வந்து, மாட்டி, மழை பெய்ததால் வீட்டுக்குள்ளேயே விட்டுப் பார்த்தேன். எங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல். அதில் வேகம் கொடுத்தால் கார் ஒரே இடத்தில் பம்பரம் சுற்றும். மெதுவாக விட்டேன், அழகாகப் போனது. பிரேக் போட்டேன். நிற்கவில்லை. உருண்டுபோய்த் தூணில் மோதியது. ரிவர்ஸ் கொடுத்தேன். மோட்டார் விர்ரென்று சுற்றுகிறது, சக்கரம் அசையவில்லை.

கன்ட்ரோலர்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். ரிமோட்டோடு மறுபடி பழக்கினேன், பிரேக் அளவை 25 சதவீதத்திலிருந்து நூறுக்கு ஏற்றினேன், விற்றவருக்குக் கோபமாக ஒரு செய்தியும் அனுப்பினேன். நான்காவது நாள், வேறு வழி தெரியாமல், மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் இரண்டை மாற்றிப் போட்டேன். பிரஷ்லெஸ்ஸில் அப்படிச் செய்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இப்போது முன்னால் தள்ளினால் சக்கரம் அசையவில்லை. ரிவர்ஸ் கொடுத்தால் கார் முன்னால் போகிறது. அதாவது கன்ட்ரோலர் எந்தப் பக்கம் சொன்னாலும் ஒழுங்காகத்தான் செய்கிறது. மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால்தான் பல்சக்கரம் அச்சைப் பிடிக்கிறது. மறுபக்கம் சுற்றினால் நழுவுகிறது.

சைக்கிள் பெடலைப் பின்னால் மிதித்தால் என்ன ஆகும்? அதே ஃப்ரீவீல்.

இந்தக் காரில் இரண்டு கியர் உண்டு. முதல் கியரின் 47 பல் சக்கரம் ஒன்வே பேரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. வேகம் கூடியதும் இரண்டாவது கியரின் 42 பல் சக்கரம் பிடித்துக்கொள்ளும். அப்போது அச்சு முதல் கியரைவிட வேகமாகச் சுற்ற வேண்டுமே, அதற்காகத்தான் ஒன்வே. நைட்ரோவில் ரிவர்ஸ் கிடையாது, பிரேக் தனியாக ஒரு டிஸ்க்கில், ஆக்சிலேட்டரோடு ஒரே செர்வோவில். அதனால் அங்கே இது குறையே இல்லை. அந்த டிஸ்க்கையும் செர்வோவையும் தேவையில்லாத சுமை என்று கழற்றிப் போட்டது நான். விற்றவருக்கு மன்னிப்பு கேட்டு இன்னொரு செய்தி அனுப்பினேன்.

ஒன்வே பேரிங்குக்குள் இரண்டு டியூப் பசையை ஊற்றி இறுக்கிப் பார்த்தேன். நான்கு ஓட்டம் தாங்கியது. ஐந்தாவதில் மறுபடி நழுவல். அதோடு பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. தீபாவளி, கார்த்திகை, பொங்கல் எல்லாம் கழிந்தது.

தை கடைசியில் மறுபடி புதுவயல். இந்த முறை 42 பல் சக்கரத்தை எடுத்துப் போனேன். அதன் உள்ளே வேகத்தில் விரிந்து பிடிக்கும் கிளட்ச் ஷூ இரண்டு இருக்கும். அவற்றைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் அலுமினிய ஹப் கடைந்து தரச் சொன்னேன். நடுவில் 6 மி.மீ. அச்சுத் துளை, சக்கரத்தோடு சேர நான்கு எம்3 திருகு, பக்கவாட்டில் ஒரு கிரப் ஸ்க்ரூ, அதாவது தலையில்லாத திருகு. அண்ணன் ஹப்பைக் கடைந்துவிட்டு, அச்சில் கிரப் ஸ்க்ரூ உட்காரும் இடத்தைத் தானே அரத்தால் தட்டையாக ராவிக் கொடுத்தார். “வட்டத்துல நட்டை இறுக்குனா நிக்காது தம்பி, தட்டையில இறுக்குனாத்தான் நிக்கும்.” இதை நான் கேட்கவில்லை, அவராகவே செய்தது. 400 ரூபாய். திருகு கழலாமல் பிடிக்கும் நீல நிற திரெட் லாக்கர் பசை போட்டு இறுக்கினேன். இன்றுவரை அசையவில்லை.

ஆனால் 42 பல்லும் 15 பல்லும் சேர்ந்தால் அச்சு இடைவெளி 22.8 மி.மீ. என் பிளேட்டில் இருப்பதோ 24.8-க்கான துளை. மறுநாள் திரும்பப் போனபோது அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. துளையை அரத்தால் காடியாக நீட்டிவிட்டு, காசு வாங்காமல் டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னார்.

ஒயரிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்னிடம் இருந்த 25 வாட் சால்டரிங் அயர்னில் 12 கேஜ் ஒயர் சூடே ஏறவில்லை. மைக்செட் ரிப்பேர் செய்யும் நண்பரிடம் 60 வாட் வாங்கி வந்தேன். எக்ஸ்டி60 கனெக்டரில் ஈயம் வைக்கும்போது அதன் ஜோடியையும் சொருகிவைத்தால் பிளாஸ்டிக் உருகினாலும் பின் கோணாது. ரிசீவருக்குத் தனி பேட்டரி வேண்டாம், கன்ட்ரோலரே 6 வோல்ட் கொடுக்கும். பேட்டரி ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் கன்ட்ரோலர் மின்சாரத்தை வெட்டும்படி வைத்தேன். எப்போதும் ரிமோட்டை முதலில் ஆன் செய்ய வேண்டும், கடைசியில் ஆஃப் செய்ய வேண்டும். ஒரு தடவை மாற்றிச் செய்ததில் கார் திண்ணையிலிருந்து குதித்து முன் பம்பர் உடைந்தது.

சார்ஜ் போடுவதுதான் வீட்டில் பிரச்சினை ஆனது. லிப்போ வீங்கினால் தீப்பிடிக்கும் என்று நானே உளறிவிட்டேன். பர்மா தேக்குத் தூணுக்கு நடுவில் அதை வைக்க அப்பத்தா விடவில்லை. இப்போது பின்கட்டில், உபயோகமில்லாத ஆட்டுக்கல்லின் குழியில் பேட்டரியை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, 5 ஆம்பியரில் சார்ஜ் போடுகிறேன். யோசித்துப் பார்த்தால் இதைவிடப் பத்திரமான இடம் வேறு கிடையாது.

மாசியில் ஊருணிக்குப் போனோம், நானும் சித்தப்பா மகனும். ஆறு நிமிடத்தில் மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியைக் காட்டினால் “ஹை” என்று மட்டும் சொல்கிறது. அதற்குக் காய்ச்சல் வரைதான் தெரியும். எச்சில் தொட்டு வைத்தேன், சுரீரென்றது. காரணம் கியர்தான். 47-க்குப் பதில் 42 போட்டதில் விகிதம் மாறிவிட்டது. இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் வேகம் 2.8 மடங்கு குறைகிறது. பெரிய சக்கரத்தின் பல்லைப் பினியனின் பல்லால் வகுத்து, அதோடு பெருக்கினால் முன்பு 8.8, இப்போது 7.84. மோட்டாருக்குச் சுமை கூடிவிட்டது. 13 பல் பினியன் 280 ரூபாய்க்கு வாங்கிப் போட்டதும் 9.05 ஆனது. இடைவெளி 22 மி.மீ.; காடி இருந்ததால் திருகைத் தளர்த்தி 0.8 மி.மீ. தள்ளி இறுக்கியதோடு சரி, ஐந்து நிமிட வேலை. இப்போது பத்து நிமிடம் ஓடிய பிறகும் விரலை ஐந்து விநாடி வைக்க முடிகிறது. பழைய போனை உள்ளே கட்டி ஓட்டியதில் 44 கிலோமீட்டர் வேகம் காட்டியது. கணக்குப்படி 66 வர வேண்டும். மணலில், காற்றில், சுமையோடு அது வராது. வந்தாலும் ஊருணிக் கரையில் போய்த்தான் நிற்கும்.

செலவு: மோட்டாரும் கன்ட்ரோலரும் 4,200. பேட்டரி 3,100. சார்ஜர் 1,900. வீணான செட்டையும் சேர்த்துப் பினியன்கள் 850. லேத் 750. பல்சக்கரம் இரண்டு 520. ஒயர், கனெக்டர் 300. கூட்டினால் 11,620. பழைய இன்ஜினை 2,500-க்கு விற்றேன். இன்னும் கொஞ்சம் போட்டால் புது மின்சாரக் காரே வாங்கியிருக்கலாம், உண்மைதான். ஆனால் ஓட்டச் செலவில் பேச்சே இல்லை. 75 மி.லி. டேங்க் ஒரு தடவை நிரப்ப 105 ரூபாய் ஆனது. பேட்டரி ஒரு தடவை நிறைய 37 வாட்-மணி, அம்பது பைசாகூட இல்லை.

இன்னொரு கார் மாற்றினால் அந்த டிஸ்க் பிரேக்கைக் கழற்ற மாட்டேன். மோட்டார் பிரேக் கடைசி நேரத்தில் பிடி விடுகிறது, சரிவில் நிற்பதில்லை. மோட்டாரும் 3660, மூவாயிரம் கேவி பக்கம் எடுப்பேன். பிளேட்டில் முதலிலேயே காடி. பேட்டரியை இடதுபக்கம் வைத்ததில் கார் இடதுபக்கமாகச் சாய்ந்தே திரும்புகிறது. இப்போதைக்கு வலப்பக்க ஸ்பிரிங்கைத் தளர்த்தி, இடப்பக்கத்தை ஒரு சுற்று இறுக்கியிருக்கிறேன்.

செம்மண் தூசிக்கு இன்னும் வழி தெரியவில்லை. கன்ட்ரோலரின் மின்விசிறிக்கு அக்கா பையனின் பழைய ஸ்கூல் சாக்ஸைக் கட்டிப் பார்த்தேன். தூசி நின்றது, காற்றும் நின்றது. வெங்காயப் பை வலையில் காற்று வருகிறது, தூசியும் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு துணி வேண்டும்.

ஞாயிறன்று பதினெட்டு நிமிடம் ஓடி முடித்து, பேட்டரியில் 4,300 மில்லி ஆம்பியர்-மணி திரும்ப ஏற்றினேன். பின் டிஃபரன்ஷியலில் மட்டும் திரும்பும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம். நேற்று ராத்திரி திறந்து பார்த்தேன். குட்டிப் பல்சக்கரம் ஒன்றில் இரண்டு பல் நுனி மழுங்கியிருக்கிறது. இரும்பில் கிடைக்கிறதாம், 480 ரூபாய். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று கிரீஸை அப்பி மூடி வைத்திருக்கிறேன்.